நான் பார்க்காத ஆட்டத்துக்குப் போட்ட மதிப்பெண்

பார்க்காத ஓர் ஆட்டத்தைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். இரண்டு ஆண்டுகளுக்கு முன், திண்டுக்கல்லில், மாசி வெயில் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. அப்போது எனக்கு எழுபத்தோரு வயது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல என் வயதும் இடம் கொடுக்காது, என் படிப்பும் இடம் கொடுக்காது.

கல்லூரியில் முப்பத்து மூன்று ஆண்டுகள் புள்ளியியல் கற்பித்தேன். இளமையில் கல்லூரி அணிக்காகக் கால்பந்தும் ஆடியிருக்கிறேன். ஓய்வு பெற்று நாகல் நகரில் குடியிருந்த என்னை இந்த இரண்டையும் தெரிந்த சிலர் தேடி வந்தார்கள். பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட பெண் பிள்ளைகளுக்காகப் பள்ளிகளுக்கிடையே கால்பந்து லீக் நடத்துகிறவர்கள் அவர்கள். அந்த ஆண்டு விதிகளை மாற்றியிருந்தார்கள். எந்த அணி ஜெயித்தது என்ற பட்டியல் இனி கிடையாது. ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டு ஆட்டங்களில் கவனித்து, ஓட்டம், பந்தைக் கடத்துவது, தடுப்பது, முடிவெடுப்பது என்று பத்துக் கட்டங்களில் மதிப்பெண் போட வேண்டும். குறிப்பிட்ட மொத்தத்தைத் தாண்டும் பிள்ளைகளை வளர்ச்சிக் குழுவில் சேர்த்து, ஒரு வருடம் முழுவதும் வாராவாரம் நல்ல பயிற்சியாளரிடம் பயிற்சி கொடுப்பார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது சாதாரண விஷயமில்லை.

பயிற்சியாளர்களே மதிப்பெண் போட்டால் தங்கள் பிள்ளைகளுக்கு அள்ளிப் போடுவார்கள் என்று வெளியாட்களைத் தேடினார்கள். நான் ஒத்துக்கொண்டேன். தொடக்கக் கூட்டத்தில் பெற்றோருக்குப் புதிய விதிகளை விளக்கியதே நான்தான். ஒரு விதியை அழுத்திச் சொன்னேன். ஒரே இடத்தில் ஆடிப் பழகிய பிள்ளையை இரண்டாவது ஆட்டத்தில் வேறு இடத்தில் ஆடவிட வேண்டும், இந்த வயதில் ஒரு பிள்ளை எதற்குப் பொருத்தம் என்று யாருக்கும் தெரியாது, மாற்றிப் பார்த்தால்தான் தெரியும் என்றேன். கைதட்டினார்கள்.

ஆட்டத்துக்கு மூன்று பிள்ளைகள் என் பொறுப்பு. அதில் ஒருத்தி அய்யலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த, பன்னிரண்டு வயதுப் பெண். அவள் அப்பா கத்தரியும் தக்காளியும் போடுகிற சின்ன விவசாயி. முதல் ஆட்டத்தில் இடது ஓரத்தில் ஓடினாள். குள்ளம், ஓட்டத்தில் வேகம் போதவில்லை. ஆனால் பந்து எங்கே வரும் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது. நடுத்தரமான மதிப்பெண்கள் போட்டேன். அதில் குற்றமில்லை, பார்த்துத்தான் போட்டேன்.

இரண்டாவது ஆட்டம் பகல் பதினொரு மணிக்கு. நாற்காலியில் உட்கார்ந்து படிவங்களை மடியில் வைத்துக்கொண்ட நேரத்தில் என் பழைய மாணவர் ஒருவர் வந்தார். இப்போது வங்கியில் பெரிய பதவியில் இருக்கிறார். மகளின் ஆட்டம் முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், ப்ராக்டிகல்ல எனக்கு ரெண்டு மார்க்கக் கொறச்சீங்க. எடுக்காத ரீடிங்க நோட்டுல எழுதிட்டேன்னு. ஞாபகம் இருக்கா? செத்த நேரம் வாங்க சார், ஒரு டீ குடிப்போம்."

போனேன். வாசலில் இருந்த டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்தோம். என்னுடைய கண்டிப்பைப் பற்றி, நேர்மையைப் பற்றி, அந்த இரண்டு மதிப்பெண் தன் வாழ்க்கையையே திருத்தியதைப் பற்றி அவர் பேசப் பேச எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. மைதானத்தில் கூச்சல் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது பிள்ளைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் முடிந்துவிட்டது.

பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். இன்னொரு ஆட்டத்தில் அந்த மூவரையும் வேறொருவர் பார்த்திருப்பார். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. முதல் படிவத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அதே எண்களை எழுதினால் தெரிந்துவிடும். ஒரு கட்டத்தில் ஒன்றைக் கூட்டி, இரண்டு கட்டங்களில் ஒன்றைக் குறைத்து, உண்மையான எண்கள் எப்படிச் சிதறிக் கிடக்குமோ அப்படிச் சிதற விட்டேன். மாணவர்கள் இட்டுக்கட்டும் எண்களைக் கண்டுபிடிப்பதற்காக நான் வாழ்நாளெல்லாம் கற்றது இதற்குக் கச்சிதமாகப் பயன்பட்டது. மூன்று படிவங்களுக்கும் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

பட்டியல் வெளியானது. மூவரில் இருவர் வளர்ச்சிக் குழுவுக்குப் போனார்கள். அந்தப் பெண் மூன்று மதிப்பெண்ணில் விடுபட்டாள்.

நான்காம் நாள் அவள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை என் வீட்டுக்கு வந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுதான் இருக்கும். கையில் படிவத்தின் நகல் இருந்தது.

"சார், ரெண்டாவது மேட்ச்ல பந்தக் கடத்துறதுக்கு ஆறு போட்டுருக்கீங்க. ஓரத்துல ஓடுனதுக்கு அஞ்சு போட்டுருக்கீங்க. அவ அன்னைக்குக் கோல் கீப்பரா நின்னா சார். ஓரத்துப் பக்கமே போகல."

இடம் மாற்றி ஆடவிட வேண்டும் என்ற விதி. மேடையில் நின்று நான் விளக்கிய அதே விதி. படிவம் நிரப்பும்போது அது என் நினைவுக்கே வரவில்லை.

அந்த நிமிடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். ஏழு நாளுக்குள் மதிப்பீட்டாளர் எழுதிக் கொடுத்தால் மறுபடி பார்க்கலாம் என்று விதியிலேயே இருந்தது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னேன்: படிவத்தில் கோல் கீப்பருக்கென்று தனிக் கட்டம் இல்லை, அதனால் அவள் கோலில் நின்றதை அந்தந்தக் கட்டங்களுக்குள் பொருத்திப் போட்டேன், மதிப்பீட்டில் அப்படி ஒரு முறை உண்டு. அந்த ஆசிரியை படிவத்தின் நகலை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, "நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மைதானத்தில் செய்ததைவிட வீட்டில் வைத்துச் செய்த இதுதான் பெரிய தவறு.

அடுத்த மாதம் நிறைவு விழா. பாரபட்சமில்லாத மதிப்பீடு என்று பாராட்டி எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தோளில் அதோடு நின்றுகொண்டே, தேர்வாகாத பிள்ளைகளுக்குப் பங்கேற்புச் சான்றிதழ் கொடுத்தேன். அவளும் வந்தாள். இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினாள். உள்ளங்கைகள் இரண்டிலும், மணிக்கட்டுவரை, காய்ந்து உதிர்ந்த புண்ணின் இளஞ்சிவப்புத் தழும்பு. எங்கள் மைதானம் சரளை மண். கையுறை இல்லாமல் விழுந்து விழுந்து பந்தைப் பிடித்தவளுக்குத்தான் அப்படித் தோல் உரியும். "தேங்க்ஸ் சார்" என்றாள்.

அதற்குப் பிறகும் மூன்று வாரம் சும்மா இருந்தேன். இதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பொன்னாடையை மனைவி பீரோவில் வைக்கக் கேட்டபோது, எதற்கு என்று எரிந்து விழுந்தேன். என்ன ஆச்சு என்று கேட்டாள். அவளிடம்தான் முதலில் சொன்னேன். அவள் ஒன்றும் அறிவுரை சொல்லவில்லை. "எப்ப போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் உடற்கல்வி ஆசிரியையிடம் போனேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஏழு நாளுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே சார். நான் வீடு தேடி வந்தேனே" என்றார்.

லீக் நிர்வாகிகளிடம் மூன்று படிவங்களும் பொய் என்று எழுதிக் கொடுத்தேன். செயலாளர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"சார், இதை இப்பத் தொறந்தா, உள்ள போன ரெண்டு பிள்ளைக மார்க்கும் பொய்தானே? அதுகளை வெளிய எடுக்கச் சொல்றீங்களா? அதுக அப்பா அம்மா வந்து நின்னா யார் பதில் சொல்றது?"

அந்த இரண்டு பிள்ளைகளும் எந்தத் தவறும் செய்யவில்லை. இவளை மட்டும் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். இடம் அவ்வளவுதான், பயிற்சி தொடங்கியாயிற்று என்றார்கள். அடுத்த ஆண்டிலிருந்து படிவத்தில் பிள்ளை எந்த இடத்தில் ஆடியது என்று எழுதி, அதில் நடுவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதியைத் திருத்தினார்கள். மதிப்பீட்டாளர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்தார்கள். அது சரிதான்.

பிறகு அவள் வீட்டுக்குப் போனேன். அப்பா சாக்கில் கத்தரிக்காய் கட்டிக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்கும்வரை நின்றுகொண்டே கேட்டார். "பெரியவுக நீங்க, இம்புட்டுத் தூரம் வந்துருக்கீக. விடுங்க சார், நடந்தது நடந்துபோச்சு" என்றார். எளிதாகத் தப்பிவிட்டேன் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. அவள் அம்மா விடவில்லை.

"அதெப்படி விடுறது? ஏன் சார், எம்பிள்ளைக்கு எம்புட்டுக் கொறச்சுப் போட்டீங்க?"

"எவ்வளவு குறைச்சேன்னு எனக்கே தெரியாதும்மா. பார்த்திருந்தால்தானே தெரியும்."

"பாக்காமலே பெயிலாக்குறதுக்கு அம்புட்டுப் படிச்சிருக்கீங்க" என்றார் அவர். தலையைக் குனிந்துகொண்டேன்.

அதுவரை கதவருகே நின்ற அந்தப் பெண் அப்போதுதான் பேசினாள்.

"நீங்க பாத்துட்டுத்தான் கொறச்சுப் போட்டீங்கன்னு நெனச்சேன் சார். எனக்குக் கோல் நிக்க வரலைன்னு நெனச்சேன். அதான் பிராக்டிஸுக்குப் போகல." கதவைவிட்டு முன்னால் வந்து, "அப்ப நான் நல்லாத்தான் நின்னேனா?" என்று கேட்டாள்.

அன்று ஆட்டம் நடந்த நேரத்தில் அவள் அப்பா மார்க்கெட்டில் இருந்தார். வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. நன்றாக நின்றாய் என்று அவளுடைய ஆசிரியை சொன்னதை, ஆறுதலுக்குச் சொல்வதாகவே அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். எடை போட்டுச் சொல்ல வேண்டியவன் என்று அவள் நம்பியது என்னைத்தான். நல்லாத்தான் நின்னே என்று நான் சொல்லியிருந்தால் அது இன்னொரு பொய்யாகியிருக்கும். "எனக்குத் தெரியாதும்மா. கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

அந்த வாரம் முழுவதும் அதுதான் என் வேலை. நடுவரைப் பார்த்தேன். பிறகு எதிரணிப் பிள்ளைகள் படித்த பள்ளிக்கு அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். அவர்களின் அணித்தலைவி, இரட்டைச் சடை போட்ட ஒரு வாயாடி, கேட்டதுமே சொன்னாள்:

"அந்தக் குட்டப் பிள்ளையா? ஐயோ சார், சொவரு மாதிரி நின்னா. நான் அடிச்சதுல மட்டும் நாலத் தடுத்துட்டா. ஒண்ண மூஞ்சியிலயே வாங்குனா. அழுவான்னு பாத்தேன், பந்த எடுத்து ஒதச்சுட்டு மூக்கத் தொடச்சுக்கிட்டா. எங்க சார் அன்னைக்குப் பூரா என்னையத் திட்டுனாரு."

நடுவர் சொன்னதையும் இவள் சொன்னதையும் நான் ஒரு வார்த்தைகூடக் கூட்டாமல் இரண்டு பக்கத்தில் எழுதினேன். இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். மேலே, 'இந்த ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொன்னது' என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். அதை எடுத்துக்கொண்டு மறுபடி அய்யலூர்ப் பக்கம் பஸ் ஏறினேன்.

அவள் நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் பேனாவைக் கேட்டு வாங்கினாள்.

"நாலு இல்ல சார், மூணுதான். ஒண்ணு கம்பத்துல பட்டு வெளிய போச்சு" என்று சொல்லி, நான்கை அடித்து மூன்று என்று எழுதினாள். அவள் அம்மா அன்று எனக்கு மோர் கொடுத்தார்.

அடுத்த வாரமே அவள் பயிற்சிக்குத் திரும்பியதாக ஆசிரியை சொன்னார். போன ஆண்டு அவள் பதின்மூன்றைத் தாண்டிவிட்டதால், பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களின் தேர்வுக்குப் போனாள். அங்கே வளர்ச்சிக் குழுவில் ஒரு வருடம் பயிற்சி பெற்ற பிள்ளைகளோடு போட்டி. நான் வேலிக்கு வெளியே நின்று இரண்டு ஆட்டங்களையும் முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை பார்த்தேன். உயரப் பந்துகளில் தடுமாறினாள். முறையாக யாராவது கற்றுக் கொடுத்திருந்தால் தடுமாறியிருக்க மாட்டாள். பட்டியலில் அவள் பெயர் வரவில்லை.

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் அவளும் அவள் அப்பாவும் நின்றிருந்தார்கள். பக்கத்தில் போய் நின்றேன். அவளே பேசினாள்.

"இந்தத் தடவ பாத்துட்டுத்தான் சார் போட்டாங்க. உயரப் பந்துக்கு நாலுதான் குடுத்துருக்காங்க. சரிதான். அதத்தான் பழகணும்."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். இப்போதும் அவள் பள்ளி மைதானத்தில் பழகுகிறாள். பந்துகளை உயரத் தூக்கிப் போட ஆள் வேண்டும் என்று ஆசிரியை சொன்னதால், சனிக்கிழமைதோறும் நான் போய்க் கையால் தூக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் என்னை மன்னித்தாளா என்று நான் கேட்டதில்லை. நான் எடுத்துக்கொண்ட அந்த ஒரு வருடம் அவளுக்குத் திரும்பக் கிடைக்காது என்பது, அவள் எட்டிப் பிடிக்க முடியாமல் விடுகிற ஒவ்வொரு பந்திலும் எனக்குத் தெரிகிறது.