பதினாலு தறி, பதினாலு மயில்

எழுபதுகளின் கடைசியில் ஆரணியில் ஒரு பட்டுச்சேலைக் கம்பெனியில் எனக்கு அட்டை கோர்க்கும் வேலை. ஜக்கார்டு தறியில் மயிலோ மாங்காயோ விழவேண்டுமானால் துளை போட்ட அட்டைகள் வேண்டும். குறுக்கே ஓடும் ஊடை இழை ஒன்றுக்கு ஒரு அட்டை. அவற்றை வரிசை பிசகாமல் நூலில் கோர்க்கவேண்டும். எனக்குக் கையெழுத்துப் போடவும் எண்ணவும்தான் தெரியும். ஆனால் நான் கோர்த்த கட்டு ஒருநாளும் பிசகியதில்லை.

ஒருநாள் மெட்ராஸ் கடையிலிருந்து ஐந்து சேலைகள் திரும்பி வந்தன. அக்கா தங்கைகள் ஐந்து பேர் ஒரே மாதிரி கேட்டது. விரித்தால், பார்டர் மயிலின் தோகை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நீளம்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "பதினாலு தறியிலயும் ஒரே மயிலு வரணும். டிசைன் ரூம் இனிமே உன் பொறுப்பு. இன்னொரு வாட்டி திரும்பி வந்துச்சின்னா ரூமை மூடிட்டு உன்னை நூல் சுத்த அனுப்பிடுவேன்."

ஒரு அலமாரியும் துணைக்கு ஒரு ஆளும் கேட்டேன். உடைந்த பெஞ்சு ஒன்று வந்தது. ஆள்தான் நீ இருக்கிறாயே என்றார்.

டிசைன் ரூமில் மாதிரிக்கு வைத்திருந்த மூலக்கட்டைப் பார்த்துப் பதினாலு கட்டும் நானே சரிசெய்து கொடுத்தேன். ஒரு மாதத்தில் எல்லாம் அட்டை குறைந்து திரும்பி வந்தன. யாரைக் கேட்டாலும் தெரியாது. ஒருவர் எலி என்றார். எலி முடிச்சை அவிழ்த்து, மூன்று அட்டை தின்றுவிட்டு, திரும்ப முடிச்சும் போட்டதா என்று கேட்டேன். சிரித்தார்கள்.

அப்புறம்தான் ஒன்று தோன்றியது. கட்டுகளை மறுபடி சரிசெய்து, ஒவ்வொன்றையும் மடித்து அடுக்கி, பக்கவாட்டில் நீல மையால் சாய்வாக ஒரு கோடு இழுத்தேன். ஒரு அட்டை போனாலும் கோடு படிக்கட்டு மாதிரி உடைந்து காட்டும்.

ஒரு மாதம் கழித்து, கோடு முதலில் உடைந்தது கோவிந்தண்ணனின் அட்டைக்கட்டில். எல்லோருக்கும் மூத்த நெசவாளி, அவரை யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். கட்டைத் தூக்கிக்கொண்டு அவர் தறி முன்னால் போய் நின்றேன்.

"நாலு அட்டை எங்கண்ணா?"

"தோகை ரொம்ப இழுத்துகினு போவுதும்மா. மயிலாட்டமா கீது அது? ஓணானாட்டம் கீது. அதான் எடுத்துட்டேன்."

"எடுக்கறதுக்கு மின்ன என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீ வுட்டுருவியா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சோம்பலுக்காக யாரும் எடுக்கவில்லை. அவரவர் கண்ணுக்கு அழகாக மயிலைத் திருத்தியிருக்கிறார்கள்.

புகார் சொல்லத்தான் அவர் சேலையையும் அட்டை குறையாத கட்டு வைத்து நெய்த சேலையையும் முதலாளியிடம் கொண்டுபோனேன். இரண்டையும் பார்த்தார். "கோவிந்தன் நெய்ததுதான் நல்லா கீது. எல்லாத்துலயும் நாலை எடுத்துடு" என்றார்.

மூலக்கட்டிலும் மற்ற பதின்மூன்றிலும் நானே பிரித்து, எடுத்து, கோர்த்து, கோடு இழுத்தேன். அன்றே டிசைன் ரூம் கதவில் ஒரு ஆணி அடித்தேன். பிடிக்காத அட்டையை யாரும் உருவக்கூடாது. அதில் ஒரு சிவப்பு நூல் கட்டி, கட்டோடு ஆணியில் மாட்டவேண்டும். எடுக்கலாமா வேண்டாமா என்று நான் பார்த்துச் சொல்வேன். முதல் நூல் கோவிந்தண்ணனுடையது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. முணுமுணுத்துக்கொண்டே போனாரே தவிர அட்டையில் கை வைக்கவில்லை.

அந்த ஐந்து சேலைக்குப் பதில் புதிதாக நெய்த ஐந்தும் மெட்ராஸ் போயின, திரும்பவில்லை. பல கைகளை ஒரே அளவுக்குக் கொண்டுவரப் போகிறவர்கள் கோடு இழுக்கிற அன்றைக்கே குறை சொல்ல ஒரு ஆணியையும் அடித்துவிடுங்கள். நான் ஒரு மாதம் பிந்தி அடித்தேன்.