திரைக்காரம்மாவின் விளக்கு

ஒலியால் கடலின் தரையைப் படம் எடுக்கும் வேலைக்குக் காது மந்தமானவர் லாயக்கா? பள்ளிப்படிப்பு முடித்த புதிதில் என்னிடம் கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன்.

கடலின் ஆழத்தை அளக்கும் ஓர் ஆய்வுப் படகில் கணினித் திரைக்கு முன்னால் உட்காரும் பெண்ணைத் திரைக்காரம்மா என்பார்கள். படகின் பக்கவாட்டில் ஒரு கம்பம். அதன் நுனியில் சோனார் கருவி. நீருக்குள்ளிருந்து அது அனுப்பும் ஒலி தரையில் பட்டுத் திரும்ப எத்தனை நேரமாகிறது என்பதை வைத்து ஆழம் தெரியும். மேடு சிவப்பாக, பள்ளம் நீலமாகத் திரையில் விரியும். அந்த வேலை என்றால் அவருக்கு உயிர்.

காதுதான் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. "அம்மா, நீ டிவி போட்டா தெருவுக்கே கேக்குது" என்று மகள் கிண்டல் செய்வாள். படகில் மட்டும் அவர் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

ஒருநாள் மிதந்து வந்த வலைக்கயிற்றைப் பார்த்து, படகு ஓட்டுநர் "தூக்கு, தூக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். கம்பத்தைத் தூக்கும் விசை திரைக்காரம்மாவின் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவருக்குக் கேட்கவில்லை. கயிறு சிக்கிக் கம்பம் வளைந்தது. விஷயம் வெளியே வந்துவிட்டது.

"நாளையிலேருந்து ஆபீஸ்ல உக்காருங்கம்மா" என்றார் அதிகாரி.

ஓட்டுநருக்குப் பொறுக்கவில்லை. "சார், அந்தக் கருவி போடுற சத்தம் மனுஷக் காதுக்கே எட்டாது. அப்படிப் பாத்தா நாம எல்லாருமே செவிடுதான்."

"கருவியோட சத்தம் கேக்க வேணாம்யா. நீ கத்துறது கேக்கணுமில்ல?"

அதில் நியாயம் இருந்தது. உதடுகளைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொண்ட திரைக்காரம்மா சொன்னார்: "சார் சொல்றது சரிதான். மறைச்சது என் தப்பு. ஆனா படகு ஓட்டுற அண்ணன் பக்கத்துல ஒரு பொத்தான், என் கண்ணுக்கு நேரா ஒரு விளக்கு வெச்சா போதுமே. கத்தவே வேணாம்."

"ஒரே ஒரு தடவை பாப்போம்" என்றார் அதிகாரி. பொத்தானும் விளக்கும் பொருத்தியதும் அவரும் படகில் கூடவே வந்தார்.

படகு கிளம்பிய கையோடு விளக்கு எரிந்தது. திரைக்காரம்மா பதறிக் கம்பத்தைத் தூக்கினார்.

"எரியுதான்னு சும்மா அமுக்கிப் பாத்தேன், தங்கச்சி!" என்று அவர் பக்கம் திரும்பிச் சிரித்தார் ஓட்டுநர்.

"என் பொழப்பே இதுல தொங்குது. உனக்கு விளையாட்டா அண்ணே?"

ஓட்டுநரின் முகம் சுருங்கிப்போனது.

மதியம் திரையில் ஒரு பாறை மேடு செக்கச்செவேலென்று எழுந்து வந்தது. இன்னும் கொஞ்சம் போனால் முழுசாகக் கிடைத்துவிடும். அந்த நேரம் பார்த்து விளக்கு எரிந்தது. தூக்கினால் படம் பாதியில் அறுந்துவிடும். இதுவும் விளையாட்டாக இருந்தால்? யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. விசையை அழுத்தினார். கம்பம் நீரைவிட்டு மேலே வரவும், கருப்புக் கயிறு ஒன்று படகை உரசிக்கொண்டு போகவும் சரியாக இருந்தது.

அதிகாரி அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரைக்காரம்மாவின் முன்னால் வந்து, அவர் தன் உதடுகளைப் பார்க்கும்படி குனிந்தார். "அந்தப் பாறையைத் திரும்பவும் எடுத்திடலாம். நாளைக்கும் நீங்கதாம்மா."

காது கேட்காததை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறவர் உங்கள் வீட்டிலோ வேலையிடத்திலோ இருந்தால், இந்தக் கதையை அவருக்குச் சொல்லுங்கள். அவர் முகத்துக்கு நேராக நின்று சொல்லுங்கள்.