ஒரே ஒரு தடவைதான் ஒலிக்கும்

போன சனிக்கிழமை சென்னையில் ஒரு தேர்வு மையத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே என் மகள் ஜெசிந்தா ஆங்கிலத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள்.

அவள் பாண்டிச்சேரியில் நர்ஸ். அயர்லாந்தில் ஒரு மருத்துவமனை அவளை வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறது — கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கிலும் அவர்கள் கேட்கும் மதிப்பெண் வந்தால். அதையும் இந்த மாதக் கடைசிக்குள் காட்ட வேண்டும்.

வெளியே வந்தவளின் முகத்தைப் பார்த்ததுமே ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னாச்சுடி?"

"லிஸனிங் போச்சும்மா."

"புரியலையா?"

"நல்லா புரிஞ்சுது. எழுதத்தான் இல்ல."

இது என்ன பதில்? பஸ் எங்கள் ஊர் மரக்காணம் வந்து சேர்வதற்குள் மெள்ள மெள்ளச் சொன்னாள். ஹெட்போனில் ஒரு பெண் வாடகை வீடு கேட்டு போன் செய்கிறாள். பெயர், தெரு, தேதி என்று விவரங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கேட்கக் கேட்கவே காலி இடங்களை நிரப்ப வேண்டும். இவளோ கீபோர்டைத் தொடவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, கவனமாகக் கேட்டிருக்கிறாள். இரண்டாவது தடவை வரும்போது டைப் செய்துகொள்ளலாம் என்று...

இரண்டாவது தடவை வரவில்லை. அடுத்த உரையாடல் வந்துவிட்டது. பதறியதில் அதுவும் பாதி போயிற்று.

"ஒரே தடவைதான்னு முதல்லயே சொல்லியிருப்பாங்களே?"

"சொன்னாங்கம்மா. ஸ்கூல்ல மிஸ்ஸுங்களும் அப்படித்தான சொல்லுவாங்க?"

நீங்களும் டிக்டேஷன் எழுதியவர்தானே? "ஒரு தடவைதான் சொல்லுவேன்" என்று மிரட்டாத டீச்சர் உண்டா? மிரட்டிவிட்டு இரண்டு தடவை சொல்லாத டீச்சர்தான் உண்டா? கடைசி பெஞ்சுக்காக மூன்றாவது தடவையும் உண்டு. நம் ஊரில் அதை யாரும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வதே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர், உப்பளத்திலிருந்து வந்த காலைக்கூடக் கழுவாமல், "விடு, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார். அந்தத் 'தடவை' என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சரி, பள்ளிக்கூடத்தை விடுங்கள். இதற்கென்றே பாண்டிச்சேரியில் ஒரு கோச்சிங் சென்டருக்குப் போனாளே, அங்கே என்ன செய்தார்கள்? திங்கட்கிழமை நேரே போய்விட்டேன். மாஸ்டர் வகுப்பில் இருக்கிறார் என்று வெளியே உட்கார வைத்தார்கள். கதவு திறந்தே இருந்தது. உள்ளே ரெக்கார்டிங் ஓடியது... நின்றது.

"புரிஞ்சுதாப்பா? இல்லையா? சரி, இன்னொரு தடவை போடுறேன்."

போட்டார். அதன் பிறகும் ஒரு தடவை போட்டார்.

வெளியே வந்த மாஸ்டர் நல்ல மனிதர். அதுதான் இன்னும் கொடுமை. "முதல் தடவையே எழுதுங்கன்னா பசங்க டவுன் ஆயிடுவாங்க மேடம். பாதிப் பேரு மறுநாள் வரமாட்டாங்க."

"பரீட்சையில யாரு சார் மறுபடி போடுவாங்க?"

"அது எக்ஸாம் மேடம். இது கோச்சிங்."

பக்கத்தில் மகனுக்காகக் காத்திருந்த ஒரு அப்பா என்னையே முறைத்தார். "ஏம்மா, நீங்க கிளப்பிவிடாதீங்க. சாரு பொறுமையா சொல்லித்தர்றாருன்னுதான் கிளியனூர்லேர்ந்து வந்து சேத்திருக்கேன்."

இதற்குப் பெயர் பொறுமையாம். நட்டாற்றில் விடுவதற்குப் பெயர் என்ன? சொற்களை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள், கட்டுரைகளை உருப்போட வைக்கிறார்கள். அந்த அறையில் என்ன நடக்கும், எது ஒரு தடவைதான் நடக்கும் என்று மட்டும் காட்டுவதில்லை. ஆங்கிலம் தெரியாமல் தோற்றால் தாங்கிக்கொள்வேன். தெரிந்தும் தோற்றவளுக்கு நான் என்ன ஆறுதல் சொல்வது? அவள் வேலையில்கூட, மருந்தின் பெயரை மறுபடி கேட்டு உறுதி செய்துகொள்கிறவள்தான் நல்ல நர்ஸ். அந்த நல்ல பழக்கமே அங்கே அவளைக் கவிழ்த்திருக்கிறது.

மறுபடி தேதி வாங்கியாயிற்று. அடுத்த வாரம் தேர்வு. மாதக் கடைசிக்குள் முடிவு வந்துவிடும் என்கிறார்கள். வர வேண்டும்.

ஜெசிந்தா இப்போது வீட்டில் ரெக்கார்டிங்கை ஒரு தடவைதான் ஓடவிடுகிறாள். நேற்று நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு விடையைத் தவறவிட்டாள். தெருவின் பெயர். எனக்குப் பொறுக்கவில்லை... ரெக்கார்டிங்கைப் பின்னுக்கு நகர்த்தி மறுபடி போட என் கை தானாக நீண்டது.

"கைய எடும்மா," என்றாள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "அங்க நீ வரமாட்ட."

எடுத்துவிட்டேன். நேற்றிலிருந்து நானும் எதையும் ஒரு தடவைதான் சொல்கிறேன் — சாப்பிடக் கூப்பிட்டபோது செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் ஆறிய சோறுதான் சாப்பிட்டார்.