வடக்கே தலைவைத்த தம்பியும் நான்கு செங்கல்லும்

செங்கல்லுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்? எனக்குத் தெரியும்!

தொண்ணூறுகளில் நடந்தது. அடையாறில் மழை ஈரத்தில் ஸ்கூட்டர் வழுக்கி, தம்பி முரளிக்குத் தலையில் பலத்த அடி. (ஹெல்மெட்டா? முடி கலைந்துவிடுமாம்!)

தி.நகரில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். ஸ்கேன் பார்த்த டாக்டர், "மூளையில வீக்கம். ரெண்டு நாள் தாண்டட்டும், அப்பறம்தான் சொல்ல முடியும்" என்றார்.

பேர் சொல்லிக் கூப்பிட்டால் முரளி லேசாக முனகுவான். அந்த முனகலை நம்பித்தான் அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்காரர், எங்கள் அத்திம்பேர், மயிலாப்பூரிலிருந்து வந்தார். முதலில் தம்பியைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்தார்!

"ஐயையோ! வடக்க தலை வெச்சுண்டுன்னா படுத்துண்டிருக்கான்! யாரும் பாக்கலையா?"

அம்மா அழவே ஆரம்பித்துவிட்டாள்.

நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் பக்கத்து ரூமுக்குப் போன நேரம். மூன்று பேருமாகக் கட்டிலை அப்படியே சுற்றித் திருப்பினோம். தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் இருந்தது.

"தரை பள்ளம் போலருக்கு" என்றார் அத்திம்பேர்.

செங்கல்லை நகர்த்தவே இல்லை. இப்போது அதன்மேல் ஏறியது கால்மாடு!

பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டேன். முனகல் இல்லை. உலுக்கினேன். ஊஹூம்.

என் அலறல் கேட்டு ஓடிவந்த சிஸ்டர் கட்டிலைப் பார்த்ததும் கத்தினார். "இன்னாம்மா பண்ணி வெச்சிருக்கீங்க! வீக்கம் வடியணும்னு தலைய தூக்கி வெச்சா, தலைய எறக்கி கால தூக்கி வெச்சுக்கீறீங்க!"

"திரும்ப வடக்க மட்டும் வேண்டாம்மா" என்று அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெக்கயே இருக்கட்டும். செங்கல்ல இந்தாண்ட போடுங்க, சீக்கிரம்!"

போட்டோம். கழுத்தை நேராக்கினார். டாக்டருக்கு ஆள் அனுப்பினார்.

"சிஸ்டர், டிரிப்ஸ்ல ஏத்தற இந்த பாட்டில் மருந்து எதுக்கு?" என்று கேட்டேன். (அந்த நேரத்திலும் எனக்குக் கேள்வி!)

"மானிட்டால். மூளைல கோத்த தண்ணிய ரத்தத்துக்கு இழுக்கும். அப்பறம் யூரின்ல போயிடும். அந்த பைய பாத்துக்கினே இரு."

அம்மா ராமஜெபத்தோடு மூத்திரப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்!

டாக்டர் வந்து கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். "கட்டில் எப்படித் திரும்பிச்சு?"

அத்திம்பேர் சுவரைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பத்து நிமிஷம் தலை கீழ இருந்துச்சு சார். நான் ரூம்ல இல்ல, என் தப்புதான்" என்றார் சிஸ்டர்.

டாக்டர் அவரைக் கிழிகிழியென்று கிழித்தார். நாங்கள் மூன்று பேரும் வாயே திறக்கவில்லை.

மூன்றாம் நாள் முரளி கண் திறந்து காபி கேட்டான்.

"தெக்க தலை வெச்சதுல பொழைச்சான்" என்று அத்திம்பேர் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்கிறார்!

ஸ்டெல்லா சிஸ்டர், கட்டிலைத் திருப்பியது நாங்கள்தான். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துவிடுங்கள்.