முன்னால் ஒரு குரல்

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எனக்கு ஜெபக்காரி என்று பெயர். எந்த ஜெபத்தையும் "உமது சித்தம், ஆண்டவரே" என்றுதான் முடிப்பேன். முடித்த கையோடு அவர் என்ன செய்ய வேண்டும், எப்போது செய்ய வேண்டும் என்பதையும் நானே முடிவு பண்ணிவிட்டு எழுந்திருப்பேன். என் வீட்டுக்காரர் சிரிப்பார். "இவ கர்த்தருக்கே வேலை ஏவுற கங்காணியா இருப்பா போலிருக்கே" என்பார்.

தலைப்பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து இந்தத் தேயிலை மலைக்கு வந்த முதல் வருஷம் அது. வழுக்குப் பாதையில் கொழுந்துக் கூடை சுமந்ததால்தான் அப்படி ஆயிற்று என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லி வைத்திருந்தேன். அதனால் இரண்டாவது வயிற்றில் தங்கியதும் ஒவ்வொரு அடியையும் காவல் காத்தேன். என்ன தின்பது, எந்தப் பக்கம் படுப்பது, எந்த நாளில் ஆஸ்பத்திரிக்கு இறங்குவது, எல்லாம் என் ஏற்பாடு.

ஆடி மழை என் ஏற்பாட்டைக் கேட்கவில்லை. இரண்டு வாரம் முன்னதாகவே, ஒரு காலையில் வலி எடுத்தது. அதைவிட மோசம், விடிந்ததிலிருந்து பிள்ளை அசையவே இல்லை. வலி என்று மட்டும் வீட்டுக்காரரிடம் சொன்னேன், அதைச் சொல்லவில்லை.

மோட்டார் வண்டி எங்கள் மேட்டுக்கு வராத காலம். நடக்க முடியாதவர்களைக் கம்பளியில் கிடத்தி, இரண்டு முனையையும் மூங்கிலில் கட்டித் தூக்கிப் போவார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், தோள் மாற்ற இரண்டு பேர். பின்னால் தூக்குகிறவருக்குக் கம்பளி மறைப்பதால் பாதை தெரியாது. முன்னவர் "கல்லு" என்றால் இவரும் "கல்லு" என்று சொல்லிக் காலைத் தூக்கி வைப்பார். "பள்ளம்" என்றால் "பள்ளம்." உள்ளே கிடக்கிறவர் கையை வெளியே நீட்டக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. அதுதான் வழக்கம்.

அன்று முன்னால் என் வீட்டுக்காரர், பின்னால் அடுத்த வீட்டுத் தம்பி. அவர் எங்கள் சபை இல்லை, மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவர். என்னை மதினி என்றுதான் கூப்பிடுவார்.

நான் சும்மா கிடப்பேனா? ஒரு கையால் மூங்கிலைப் பிடித்துக்கொண்டேன். மறு கையால் கம்பளியை விலக்கி எட்டிப் பார்த்தேன். ஓடை திரும்பும் இடத்தில் மழை பாதையை அரித்திருந்தது. இடப் பக்கம் பாறை, வலப் பக்கம் சரிவு. தண்ணீர் வழிகிற பாறையை ஒட்டியே வீட்டுக்காரர் போனார். கட்டாயம் வழுக்கிவிடுவார் என்று எனக்குப் பட்டது.

"வலது பக்கம்! வலது பக்கம்!" என்று கத்தினேன்.

பின்னால் வந்தவர் என் சொல்லை நம்பிக் காலை வலப் பக்கம் வைத்தார். மண் விட்டது. முழங்கால் சிராய்க்கச் சரிந்தார். மூங்கில் சாய்ந்தது. தோள் மாற்ற வந்தவர்கள் பாய்ந்து பிடித்திராவிட்டால் எல்லாருமாக ஓடையில் கிடந்திருப்போம்.

யாரும் திட்டவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே அந்தத் தம்பி சொன்னார்: "மதினி, முன்னால ஒரு கொரலு கேக்கு, அத நம்பித்தான் நான் வாரேன். ஊடால நீங்களும் சொன்னா, நான் எந்தக் கொரலுக்குக் காலு வைக்க?"

ஜெபக்காரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. "கைய உள்ள வையி புள்ள" என்றார், அவ்வளவுதான்.

வைத்தேன். கம்பளிக்குள் இருட்டு, நனைந்த ஆட்டு மயிரின் வீச்சம். ஆண்டவரே என்று தொடங்கினேன். அதற்குமேல் அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு ஏற்பாடும் மிச்சமில்லை. பிழைத்தாலும் போனாலும் இந்தப் பிள்ளை உம்முடையது என்று முதல் தடவையாக மனசறிந்து சொல்லி அழுதேன். கைகளுக்குப் போக வேறு இடமில்லை, வயிற்றின்மேல் கிடந்தன. முன்னால் "கல்லு" என்ற குரல் கேட்டது. பின்னாலும் "கல்லு" என்று கேட்டது. இரண்டு வளைவு தாண்டியிருப்போம், என் உள்ளங்கைக்குக் கீழே பிள்ளை உதைத்தது. சின்ன உதைதான்.

கூவிச் சொல்ல வாய் துடித்தது. உள்ளே கிடக்கிறவர் பேசக் கூடாதே! பல்லைக் கடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசல்வரை தனியாகச் சிரித்தபடி கிடந்தேன். மத்தியானம் மகள் பிறந்தாள். அந்தத் தம்பி வாசலிலிருந்தே எட்டிப் பார்த்து, "மதினி கொரலு அப்படியே வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனார்.

அவள் இப்போது என் தோள் உயரம். ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்ததும் இருவரும் விறகுக்குப் போவோம். தலையில் சுமையோடு என்னால் குனிந்து பாதை பார்க்க முடியாது, அவள்தான் முன்னால் நடப்பாள். வலது பக்கம் நன்றாயிருக்குமே என்று இன்றும் நாக்கு நுனிவரை வரும். "கல்லும்மா" என்பாள். நானும் "கல்லு" என்று சொல்லிக் காலைத் தூக்கி வைப்பேன்.