தேனீயைக் கடித்தவர்

பிரசவ வார்டிலிருந்து கேஷுவாலிட்டிக்கு என்னை மாற்றிய பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பியிருக்கும் நேரம். அரியாங்குப்பத்திலிருந்து ஓர் ஆட்டோ வந்து நின்றது. வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு ஒருவர் இறங்கினார். பெயர் அந்தோணி, தட்டாஞ்சாவடியில் லேத் ஆபரேட்டர். கூட வந்தவர் மனைவி செலின்.

ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, "என்ன கடிச்சிது?" என்று கேட்டேன்.

"எதுவும் கடிக்கல சிஸ்டர். இவருதான் கடிச்சிட்டாரு" என்றார் செலின்.

"யாரை?"

"தேனீய."

அட்டெண்டர் சிரித்துவிட்டார். எனக்கும் அடக்க முடியவில்லை. பலாச்சுளையோடு சேர்த்துக் கடித்திருக்கிறார். எங்கள் ரிஜிஸ்டரில் பூச்சிக்கடிக்கு இடம் உண்டு. பூச்சியை மனிதர் கடித்தால் எழுத இடமில்லை. பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன்.

"சரி, தேனீ எங்க?"

அந்தோணி வயிற்றைத் தொட்டுக் காட்டினார். நாங்கள் மறுபடியும் சிரித்தோம். அவரும் சிரிக்கப் பார்த்தார். அப்போதுதான் கைக்குட்டை விலகியது.

நாக்கு வாய்க்குள் அடங்கவில்லை. ஏதோ சொல்ல வந்தார். கொழகொழவென்று சத்தம்தான் வந்தது. மூச்சை இழுக்கும்போது தொண்டையில் விசில் போல ஓர் ஓசை. என் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. தேனீ செத்தும் கொடுக்கை நாக்கில் விட்டுப் போயிருந்தது. வாயைத் திறந்து பார்க்காமல் இரண்டு நிமிஷம் விளையாடியிருக்கிறேன்.

டூட்டி டாக்டர் ஓடி வந்தார். தொடையில் அட்ரினலின், மூக்கில் ஆக்ஸிஜன், நரம்பில் டிரிப். டாக்டர் ஃபோர்செப்ஸால் கொடுக்கை எடுத்தார். "மூச்சுக்கு டியூப் போட ரெடியா வையுங்க" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அது செலின் காதில் விழுந்துவிட்டது.

"நான் பாத்தேன் சிஸ்டர்" என்றார். "சுளை மேல அது உக்காந்திருந்தத பாத்தேன். மூணு நாளா நாங்க பேசல. இவரு அக்கா வீட்டு விசேஷத்துக்கு நான் எடுத்த பொடவ நல்லால்லன்னு சொல்லிட்டாரு. நானா மொதல்ல பேசக்கூடாதுன்னு வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

சொல்லிவிட்டுக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரைக் குறை சொல்லாமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தேன். நானும் சிரித்துக்கொண்டு நின்றவள்தானே.

அந்தோணி என்னைப் பார்த்து, எழுதுவது போல விரலை ஆட்டினார். ஓபி சீட்டையும் பேனாவையும் கொடுத்தேன். படுத்தபடியே கோணல் கோணலாக எழுதினார்: 'அவ மேல தப்பு இல்ல. டிவி பாத்துகினே தின்னேன். பொடவ நல்லாதான் இருக்கு.'

செலின் அதைப் படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத அன்னைக்கே சொல்லியிருந்தா இன்னா?" என்று அதட்டினார். அதட்டிக்கொண்டே அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

கால் மணி நேரத்தில் விசில் ஓசை நின்றது. டியூபுக்கு வேலை வரவில்லை. ஆனாலும் சாயங்காலம் வரை அப்சர்வேஷனில் வைத்திருந்தோம். அவ்வளவு நேரமும் செலின் பேசிக்கொண்டே இருந்தார்: பொடவை, நாத்தனார், கேஸ் சிலிண்டர். மூன்று நாள் பாக்கி. பதில் சொல்ல முடியாத அந்தோணி கண்ணை மூடித் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கி நான் பார்த்ததில்லை.

நாலு மணிக்கு வீக்கம் வடிந்து, முதல் வார்த்தை வந்தது.

"மீதி சுளை இருக்கா?"

பிறகும் எத்தனையோ பேர் வந்தார்கள். கொய்யாவில் புழுவைக் கடித்தவர், பன்னோடு கட்டெறும்பை மென்றவர், டூவீலரில் பாடிக்கொண்டு போய் வண்டை விழுங்கியவர். கேஷுவாலிட்டிக்குப் புதிதாக வரும் நர்ஸ் தங்கைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: சிரிப்பு வரும், வரட்டும். முதலில் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்து நாக்கைப் பாருங்கள். மூச்சு சீராக இருக்கிறதென்று தெரிந்த பிறகு, அவரோடு சேர்ந்து சிரியுங்கள்.