வெற்றுத்தாளில் ரேகை வைக்காதீர்கள் என்றவர்

கரியடுப்பில் ஓடும் பஸ் வீரபாண்டியில் நின்றது. அடுப்பைக் கிளறிக் கரி போட இறங்கிய கண்டக்டர் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "பண்டிதரய்யா, உங்களுக்குச் சேதி தெரியாதா? மனு எழுதுற சுருளியாண்டி காலையில தவறிட்டாக" என்றார். தேனிக்குப் போக ஏறிய நான் அங்கேயே இறங்கினேன். எதிர் பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. வந்த வழியே நடந்தேன்.

பழைய மாணவர் சங்கத்தார் இரங்கல் கூட்டத்தில் வாசிக்க ஒரு கட்டுரை கேட்டார்கள். செயலாளர் நல்ல பிள்ளை, தயங்கித்தான் சொன்னார். "பழசைக் கிளற வேணாங்கய்யா. உடம்புக்கு முடியாம பள்ளிக்கூட வேலையை விட்டாகன்னு எழுதிருங்க. நம்ம பழைய பெரிய ஹெட்மாஸ்டர் தலைமை தாங்க வர்றாக." நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தத் தலையாட்டலை இங்கேயே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சுருளியாண்டி அவர்கள் ஒருநாள்கூடக் காய்ச்சல் என்று படுத்தவர் அல்லர். அவரை வேலையிலிருந்து விரட்டினார்கள். விரட்டியவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. இரக்கத்தால் அல்ல, என் நண்பருக்கான தாளில் அந்தப் பெயருக்கு இடமில்லை. 'அவர்' என்று எழுதுவதுகூட இலக்கணம் கருதித்தான்.

சுருளியாண்டி அவர்களின் தந்தையார் வருசநாட்டில் உழுது பிழைத்த சம்சாரி. மகன் நான்காம் பார வகுப்பில் தேறியதும், விருப்பப் பாடம் குறிக்கும் தாளில் தகப்பனார் வந்து கையெழுத்திட வேண்டும் என்று தகவல் போயிற்று. மகனுக்கு அல்ஜீப்ரா-ஜியாமெட்ரி பிரிவில்தான் உயிர். தந்தையார் அந்த ஒரு கையெழுத்துக்காகவே ஆற்று மணலில் தம் பெயரை எழுதிப் பழகியிருக்கிறார். பழகிக்கொண்டு, நடந்தும் வண்டி பிடித்தும் வந்து சேர்ந்தார். தலைமையாசிரியர் அவருடைய புழுதிக் காலைப் பார்த்தார். பேனாவைக் கொடுக்கவில்லை, மை தடவிய பெட்டியை நகர்த்தினார். தாளில் பாடத்தின் பெயர் எதுவும் எழுதியிருக்கவில்லை. கிழவர் பேசாமல் ரேகை வைத்துவிட்டுத் திரும்பினார். "பெரியவுக நீட்டுறப்ப, எனக்கு எழுதத் தெரியும்னு எப்படிச் சொல்றது?" என்று மகனிடம் கேட்டாராம்.

ஐந்தாம் பாரத்தின் முதல் நாள், புக்-கீப்பிங் வகுப்பில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். தவறு நேர்ந்துவிட்டது என்று எண்ணித் தலைமையாசிரியரிடம் ஓடினார். "சம்சாரி மகனுக்கு அல்ஜீப்ரா எதுக்குடா? இந்தா பார், உங்கப்பன் சம்மதம்" என்று தாளைக் காட்டினார் அவர். அந்தப் பிரிவில் இருந்த இடங்கள் குறைவு. வக்கீல் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தாசில் கச்சேரி உத்தியோகஸ்தர் பிள்ளைகளுக்கும் அவை ஒதுக்கியாகிவிட்டன. இரண்டு வருஷம் கழித்து, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தோடு மதுரைக் கல்லூரிக்குப் போய்க் கணிதப் பிரிவு கேட்டபோது, அங்கிருந்தவர் அதைப் புரட்டி, அல்ஜீப்ரா இல்லை என்று திருப்பித் தந்துவிட்டார்.

அதன்பின், நான் தமிழ் கற்பித்த நம் பள்ளியிலேயே குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அதே மனிதரின் கீழ் எப்படி வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "நமக்கு ஆகாதவுக எங்கன உக்காந்திருக்காகன்னு பாத்துக்கிட்டே இருக்கணும், பண்டிதரே" என்றார். விளையாட்டாகச் சொன்னதாக நினைத்தேன். இல்லை என்று பின்னால் தெரிந்தது.

ஒவ்வொரு ஜூன் மாதமும் ரேகை வைத்த வெற்றுத்தாள்கள் கட்டாக அவர் மேசைக்கு வரும். தலைமையாசிரியர் சொல்லச் சொல்ல, அவர் பாடங்களை எழுத வேண்டும். எட்டு வருஷம் எழுதினார். "என்னைக் கெடுத்தது அவுக கை. இந்தப் பிள்ளைகளைக் கெடுக்கிறது என் கை" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அடுத்த சனிக்கிழமையிலிருந்து தேனிச் சந்தைக்குப் போகத் தொடங்கினார். மாடு பிடிக்க வரும் தகப்பன்மார்களிடம் அவர் சொன்னது ஒரே விஷயம்தான். "வெத்துத் தாள்ல ரேகை வைக்காதீக. என்ன பாடம்னு எழுதச் சொல்லுங்க. வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, பெறகு வைங்க."

அந்த ஜூனில் முதலில் உள்ளே போனவர் ராயப்பன்பட்டிச் சவரிமுத்து. மைப்பெட்டி நகர்ந்து வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இதுல எம்மகனுக்கு என்ன பாடம் எழுதப் போறீக?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது. வை."

"புரியாட்டியும் வாசிங்க. காதுல கேட்டுக்கிறேன்."

அவருக்குப் பின்னால் நின்றவர்களும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். தாழ்வாரம் முழுக்கச் சம்சாரிகள், ஒருவரும் அசையவில்லை. அன்று சவரிமுத்துவின் மகனோடு ஒன்பது பேருக்கு அவர்கள் கேட்ட பாடம் எழுதப்பட்டது. மறுநாள் ஆசிரியர்கள் அனைவரையும் தலைமையாசிரியர் தம் அறைக்கு அழைத்தார். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு தாள் சுற்றி வந்தது. எனக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. முன்னால் இருந்தவர்கள் கையெழுத்திட்டார்கள், நானும் இட்டேன். பெற்றோரைத் தூண்டிவிட்டுக் கலகம் செய்தார், பள்ளித் தாள்களைத் திருத்தினார் என்று சுருளியாண்டி அவர்கள் மேல் எழுதிய குற்றச்சாட்டு அது. பத்து நாளில் வேலை போயிற்று.

ஒரு மாதம் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். உட்காரச் சொல்லி, காப்பி தரச் சொன்னார். "நீங்களும் வாசிக்காமத்தான் போட்டீக, இல்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு அவர் அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் ஊரைவிட்டுப் போவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். பள்ளி வாசலுக்கு நேர் எதிரே ஒரு கீற்றுக்கொட்டகை போட்டு, மனு எழுதும் மேசையோடு உட்கார்ந்தார். தலைமையாசிரியர் அறைச் சன்னலைத் திறந்தால் அந்த மேசை தெரியும். கணவாய்க் காற்று ஆளைத் தள்ளும் ஆனி, ஆடியிலும் அந்தச் சன்னல் சாத்தியே கிடந்தது. தலைமையாசிரியர் ஓய்வு பெறும்வரை திறக்கவில்லை. வியர்த்து நனைந்த கோட்டோடு அவர் வெளியே வரும்போதெல்லாம், சுருளியாண்டி அவர்கள் எழுந்து நின்று கும்பிடுவார். அந்தக் கும்பிடைத் தவிர்க்கவே அவர் பின்வாசல் வழியாகப் போக ஆரம்பித்தார்.

ஜூன் மாதத்தில் அந்த மேசையைச் சுற்றி ஒரே கூட்டமாக இருக்கும். தகப்பனாரிடம் பேசுவதற்கு முன், பிள்ளையைத் தனியே அழைத்து, "எந்த வகுப்பு நடக்கிறப்ப மணி அடிச்சது தெரியாம உக்காந்திருப்பே?" என்று கேட்பார். பதில் வரும்வரை காத்திருப்பார். எல்லோரையும் கணிதத்துக்குத் தள்ளினார் என்று ஒரு பேச்சு உண்டு, அது பொய். போடிக் கடைவீதி வியாபாரி ஒருவர், கௌரவத்துக்காகத் தம் மகனுக்கு அல்ஜீப்ரா கேட்டார். பையனுக்கோ புக்-கீப்பிங்கில்தான் ஆசை. "அது மட்டமான பாடமில்லையா? நீங்க படிச்சு என்ன ஆனீக?" என்று அந்த வியாபாரி நண்பரின் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். "பாடத்துல மட்டம் இல்ல. கேக்காம எழுதினாக பாருங்க, அதுதான் மட்டம்" என்று சொல்லி, பையன் கேட்டதையே எழுதிக் கொடுத்தார்.

போடி ரயில் தண்டவாளத்தை உலகச் சண்டைக்காகச் சர்க்கார் பெயர்த்துக்கொண்டு போன பிறகு ஒரு ஜூன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மகள் வயிற்றுப் பேரனைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குள் வந்தார். கண்ணில் புரை, எழுத்துப் புலப்படாது. புதிய நிர்வாகம் பேரனுக்குக் கணிதப் பிரிவில் இடமில்லை என்று சொல்லிவிட்டது. மேலதிகாரிக்கு மனு எழுத வேண்டும். மனுவுக்குரிய நடையில் எழுத இந்த ஊரில் வேறு ஆள் இல்லை. நான் அங்கேதான் இருந்தேன். நண்பர் அந்தப் பையனைத் தனியே அழைத்து வழக்கமான கேள்வியைக் கேட்டுவிட்டு வந்து, ஒரு பக்கம் எழுதினார்.

நான் அவர் காதருகில் குனிந்தேன். "அவருக்குத் தெரியப்போறதில்ல. புக்-கீப்பிங்னு எழுதிருங்க" என்றேன். மனதார எழுதச் சொன்னேன். இன்றும் அதற்காக வெட்கப்படவில்லை.

அவர் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. தலைமையாசிரியர்தான், "என்னப்பா எழுதியிருக்கே? கொஞ்சம் வாசி" என்றார். அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை நான் கேட்டேன். சுருளியாண்டி அவர்கள் அவசரப்படாமல், ஒரு சொல் விடாமல் வாசித்துக் காட்டினார். எல்லாம் சரியாக, பேரன் கேட்டபடியே இருந்தது. பிறகு மைப்பெட்டியைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"ரேகை வைங்க."

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்ப்பா. எம்.ஏ. படிச்சவன் நான்."

"எங்கய்யாவுக்கும் தெரியும்."

பேரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். தலைமையாசிரியர் கையால் தடவித் தடவி மைப்பெட்டியைத் தேடினார். நண்பர் உதவவில்லை. கட்டைவிரல் தானே பெட்டியைக் கண்டுபிடிக்கட்டும் என்று இருந்தார். ரேகை வைத்து முடிந்ததும் மனுவை உறையில் போட்டு அனுப்பினார். பேரனுக்கு இடம் கிடைத்தது.

அவர்கள் போனபின், "இப்ப மனசு ஆறுச்சா?" என்று கேட்டேன். மைப்பெட்டியை மூடிக்கொண்டே, "ஆறல பண்டிதரே. ஆனா நல்லா இருந்துச்சு" என்றார்.

இறந்த அன்று வீட்டு முற்றத்தில் அவரைக் கிடத்தியிருந்தோம். அந்தப் பேரன், இப்போது மதுரைக் கல்லூரியில் படிக்கிறவன், பெரிய ரோஜா மாலை ஒன்றைக் கொண்டுவந்தான். "தாத்தா குடுத்து விட்டாக" என்றான். நண்பரின் மனைவியார் நிமிர்ந்து பார்த்தார். "நீயா ஒரு பூவு கொண்டாந்திருந்தா உள்ள வான்னு சொல்லியிருப்பேன், தம்பி. இது அவருக்கு வேணாம். வெளிய வச்சுட்டு நீ வந்து உக்காரு" என்றார். பிள்ளை மாலையை வேலிக்காலில் மாட்டிவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான்.

அவர் ஆன்மா சாந்தியடைக என்று முடிக்கச் சொன்னார்கள். அப்படி முடிக்க எனக்கு விருப்பமில்லை. ஆறாத மனசோடுதான் அவர் இத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் எழுதிக் கொடுத்தார். அவர் எங்கே போனாலும் அந்த மனசோடே இருக்கட்டும். தலைமை தாங்க வருகிற பெரியவரே, இதை உங்களுக்கு யாராவது வாசித்துக் காட்டுவார்கள். ஒரு சொல் விடாமல் வாசிக்கச் சொல்லுங்கள்.

முல்லையாற்றங்கரைக்கு அவரை எடுத்துப் புறப்பட்டபோது திரும்பிப் பார்த்தேன். யாருடைய ஆடோ ஒன்று வேலிமேல் முன்னங்காலை வைத்து நின்று, அந்த ரோஜா மாலையை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. நான் விரட்டவில்லை. போய் வாருங்கள், சுருளியாண்டி அவர்களே.